முப்பத்தொன்பது இலக்க எண் ஒன்றின் வரலாறு

இரண்டினை இரண்டினாற் பெருக்கி, வந்ததனை மீண்டும் இரண்டினாற் பெருக்கி, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டு செல்லும் தொடரில் 127 ஆம் உறுப்பாக வருவது முப்பத்தொன்பது இலக்கங்களையுடைய ஓர் எண்ணாகும். அதனின்று ஒன்றைக் கழித்தால் எஞ்சுவது பின்வருமாறு:

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727

கணித நூலார் இதனை 2¹²⁷−1 எனச் சுருக்கி எழுதுவர். இவ்வெண்ணை ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுத்தல் இயலாது. அஃதாவது இது ஒரு முதன்மை எண். தமிழகத்து நூல்கள் பகா எண் என வழங்குவதும் இதனையே. 1876 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துக் கல்லூரியாசிரியர் ஒருவர் இவ்வுண்மையை அறிவித்தார். அன்று தொட்டு 1951 வரை, எழுபத்தைந்து ஆண்டுகளாக, மனிதர் அறிந்த முதன்மை எண்களுள் இதுவே மிகப் பெரியதாக விளங்கிற்று.

இத்துணைப் பெரிய எண்ணுக்குக் காரணிகள் இல்லையென்பதை ஒருவர் எவ்வாறு அறிந்தார்? எல்லா எண்களாலும் வகுத்துப் பார்த்தாரோ? அன்று, அவர் ஓர் எண்ணாலேனும் வகுத்துப் பார்க்கவில்லை. வகுத்துப் பாராமலே வகுபடாதென்று நிறுவிய அவ்வழி யாது என்பதும், பிறர் அதனை நம்புதற்கு என்ன ஆதாரம் இருந்தது என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வரலாற்றின் வேர் யூக்கிளிட்டின் நூலில் உள்ளது. தன்னையொழிந்த ஏனைய காரணிகளைக் கூட்டத் தானே வருகின்ற எண்ணை நிறைவெண் என்றனர் கிரேக்கர். 6 இன் காரணிகள் 1, 2, 3, கூட்டினால் 6. 28 இன் காரணிகள் 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இத்தகைய எண்களை ஆக்கும் முறையை யூக்கிளிட்டு தமது ஒன்பதாம் நூலின் இறுதித் தேற்றத்தில் தந்தார். 2 இன் வலு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வருவது முதன்மை எண்ணாயின், அதனை அதற்கு முந்திய வலுவினாற் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என்பது அத்தேற்றம். 3, 7, 31, 127 ஆகியவை அவ்வாறு வரும் முதன்மை எண்கள். அவற்றினின்று 6, 28, 496, 8128 என்னும் நிறைவெண்கள் பிறக்கின்றன. எனவே நிறைவெண்ணைத் தேடுவோர் 2 இன் வலுவில் ஒன்று குறைந்த முதன்மை எண்ணையே தேடவேண்டியவராயினர்.

சுட்டி முதன்மை எண்ணாக இல்லாவிடின் பயனில்லையென்பது எளிதில் விளங்கும். சுட்டி முதன்மையாக இருந்தாற் போதுமோ எனின், போதாது. 2¹¹−1, அஃதாவது 2047, என்பது 23 ஐ 89 ஆற் பெருக்க வருவதென்று 1536 இலே ஊதல்ரிக்கசு ரேகியசு என்பவர் காட்டினார். இத்தாலியரான கத்தால்டி 1588 இல் 2¹⁷−1, 2¹⁹−1 என்னும் இரண்டும் முதன்மையென்பதை வகுத்துப் பார்த்தே முடிவுசெய்தார். அம்மட்டில் அவர் நின்றிருக்கலாம். 23, 29, 31, 37 என்னும் சுட்டிகளும் அத்தகையனவே என்று மேலும் அவர் கூறினார். அவற்றுள் 31 ஒன்றே சரியாயிற்று.

அப்பிழைகளைக் கண்டறிதற்குத் துணையானது பெர்மா 1640 இல் கண்ட விதியொன்று. சுட்டி முதன்மையாயின், 2 இன் அவ்வலுவில் ஒன்று குறைந்த எண்ணின் எந்தக் காரணியும் சுட்டியின் இருமடங்கினது மடங்கொன்றிலும் ஒன்று கூடியதாகவே இருக்கும் என்பது அது. சுட்டி 23 ஆயின் காரணியை 47, 93, 139 என்னும் வரிசையிலே தேடினாற் போதும். முதலில் நிற்கும் 47 ஆலேயே 2²³−1 மீதியின்றி வகுபடுகின்றது. சுட்டி 37 ஆயின் 75, 149, 223 எனத் தேடவேண்டும். மூன்றாவதாகிய 223 காரணியாகும். கத்தால்டியின் இரு கூற்றுகள் இவ்வாறு வீழ்ந்தன. 29 ஐ ஒயிலர் 1738 இல் வீழ்த்தினார். 233 அதன் காரணி.

பெர்மாவுடன் கடிதத் தொடர்பு பூண்டிருந்தவர்களுள் ஒருவர் பாரிசு நகரின் மினிம் சபைத் துறவியாகிய மரேன் மெர்சென். 1588 இற் பிறந்து 1648 இல் மறைந்த இவர், ஐரோப்பிய அறிஞர் பலரைக் கடிதங்களால் இணைத்துவைத்தவர். விஞ்ஞான சஞ்சிகைகள் தோன்றாத அக்காலத்திலே மெர்சென்னுக்கு ஒன்றை எழுதினால் அஃது ஐரோப்பா முழுவதற்கும் எழுதியதாகும் என்னலாம். 1644 இல் வெளிவந்த தமது நூலொன்றின் முன்னுரையில் அவர் ஒரு பட்டியலை வெளியிட்டார். 257 வரையுள்ள சுட்டிகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றே முதன்மை எண்களைத் தரும், ஏனையவை தரா என்றார். 257 வரை 55 முதன்மைச் சுட்டிகள் உள்ளன. எனவே பதினொன்றைப் பற்றி ஆம் என்றும் நாற்பத்து நான்கைப் பற்றி அன்று என்றும் அவர் தீர்ப்புக் கூறினார். நிறுவலோ வழியோ தரவில்லை. பதினைந்து அல்லது இருபது இலக்கமுடைய எண்ணொன்று முதன்மையானதா என்றறிய உலகத்துக் காலமெல்லாம் போதாது என்னும் கருத்தை அதே முன்னுரையில் எழுதியவரும் அவரே. அவ்வாறாயின் எழுபத்தெட்டு இலக்கமுடைய 2²⁵⁷−1 ஐப் பற்றி அவர் எவ்வாறு அறிந்தார்? 2 இன் வலுக்களுக்கு ஒன்று கூடியோ குறைந்தோ, அல்லது 4 இன் வலுக்களுக்கு மூன்று கூடியோ குறைந்தோ வரும் முதன்மை எண்களை அவர் தெரிந்தெடுத்தார் போலும் எனப் பிற்காலத்தார் ஊகித்தனர். 67 என்பது 64 இலும் மூன்று கூடியது. 127 என்பது 128 இலும் ஒன்று குறைந்தது. 257 என்பது 256 இலும் ஒன்று கூடியது. ஊகம் கவர்ச்சியானதே. ஆயின் அவ்விதிப்படி 61 உம் பட்டியலில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். அது பெறவில்லை. 61 என்பதே 67 என அச்சுப்பிழையாயிற்று என்பாரும் உளர். அவ்வாறு கொண்டால் 67 விடுபட்டதற்குக் காரணம் கூறவேண்டிவரும்.

எதுவாயினும், பெயர் பெற்றவர் எழுதி அச்சேறிய பட்டியல் ஆகையால் அது நிலைத்தது; எண்களுக்கும் மெர்சென் எண்கள் என்றே பெயர் வழங்கலாயிற்று. நாம் எடுத்துக்கொண்ட 2¹²⁷−1 வரலாற்றில் முதன்முதல் தலைகாட்டுவது இவ்வாறு சான்றில்லாத ஒரு கூற்றாகவே.

அடுத்த படி ஒயிலருடையது. 2³¹−1, அஃதாவது 2 147 483 647, முதன்மை எண்ணே என்று 1772 இல் பேணூயி ஒருவருக்கு வரைந்த கடிதத்தில் அவர் அறிவித்தார். இதன் வர்க்கமூலம் 46 340 ஐச் சிறிது கடந்தது. அவ்வெல்லைக்குள் ஏறத்தாழ 4800 முதன்மை எண்கள் உள்ளன. யாதும் அறியாதவர் அவையனைத்தாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். ஒயிலரோ பெர்மாவின் விதியோடு தாம் கண்ட மற்றொன்றையும் சேர்த்தார். காரணியை 8 ஆல் வகுக்க மீதி 1 ஆகவோ 7 ஆகவோ இருத்தல் வேண்டும் என்பது அது. இரண்டையும் பொருத்தினால் 248 இன் மடங்குகளோடு 1 அல்லது 63 கூடிய எண்களே எஞ்சும். எல்லைக்குள் அத்தகையவை சுமார் 370. அவற்றுள்ளும் முதன்மை எண்களையே எடுத்தல் போதும். பொறுமையுள்ள ஒருவர் சில நாட்களிற் செய்யத்தக்க வேலை.

ஒயிலரின் எண் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. 1811 இல் எண்ணியல் பற்றி நூலெழுதிய ஆங்கிலேயர் பீற்றர் பாலோ, இதனின்று பிறக்கும் நிறைவெண்ணைச் சுட்டி, இனி எக்காலத்தும் காணப்படக்கூடிய நிறைவெண்களுள் இதுவே பெரியதாக இருக்கும் என்றார். இவை வியப்புக்குரியனவேயன்றிப் பயனற்றவை, ஆதலால் இதற்கப்பால் எவரும் முயலார் என்பது அவர் கூறிய காரணம். மனிதரின் ஆவலைப் பயனெனும் கோலால் அளந்தமையால் வந்த பிழை இது. ஆயினும் பாலோவின் ஐயத்திற் சிறிது நியாயமும் உண்டு. ஒயிலரின் வழி 31 வரை வந்தது. 127 வரை வராது. 2¹²⁷−1 இன் வர்க்கமூலம் இருபது இலக்கமுடையது. பெர்மா, ஒயிலர் இருவரின் விதிகளையும் கையாண்டு, வினாடிக்கு ஒன்றாக இரவு பகல் ஓயாது வகுத்துச் சென்றாலும் ஏறக்குறைய 80 கோடி ஆண்டுகள் செல்லும். வகுத்தல் என்னும் வாயில் அடைபட்டுவிட்டது. வேறு வாயில் வேண்டும்.

அதனைத் திறந்தவர் எடுவாட் லூக்கா. 1842 இல் பிரான்சின் அமியன் நகரிலே பிறந்தவர். பாரிசு வானியல் ஆய்வகத்திலே சிலகாலம் பணியாற்றியவர். 1870 இல் மூண்ட பிரான்சு-பிரசியப் போரிலே பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தவர். போர் முடிந்தபின் இடைநிலைக் கல்லூரிகளிலே கணிதம் கற்பித்து வாழ்ந்தவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. கணித விளையாட்டுகளில் அவருக்கு இருந்த ஈடுபாடு அளவிறந்தது. மாணவர் பலரும் அறிந்த ஹனோய்க் கோபுரம் என்னும் புதிர் 1883 இல் அவர் வெளியிட்டதே. ஒன்றின்மேலொன்றாக அடுக்கிய தட்டுகளை ஒரு முளையிலிருந்து மற்றொரு முளைக்கு மாற்றும் அவ்விளையாட்டில், மூன்று தட்டுக்கு 7 நகர்வுகளும் ஏழு தட்டுக்கு 127 நகர்வுகளும் வேண்டும். அங்கும் மெர்சென் எண்களே வருகின்றன. நூற்றிருபத்தேழு தட்டுகள் இருப்பின் வேண்டிய நகர்வுகளின் தொகையே இக்கட்டுரையின் எண். அவர் முடிவு இரங்கத்தக்கது. 1891 இல் அறிஞர் கூட்டமொன்றின் விருந்தில் பணியாள் தவறவிட்ட தட்டொன்று உடைந்து அதன் சிதறல் கன்னத்தைக் கீறிற்று; அப்புண் நஞ்சேறிச் சில நாட்களில் இறந்தார். வயது நாற்பத்தொன்பது.

லூக்கா கையாண்ட கருவி பைசா நகர் இலெயனாடோவின் நூலில் வரும் தொடர். 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என முந்திய இரண்டையும் கூட்ட அடுத்தது வரும். அதற்குப் பிபனாச்சித் தொடர் என்னும் பெயரைப் பரப்பியவரும் லூக்காவே. இத்தொடரின் இயல்புகளுள் மூன்றினை மட்டும் இங்கு நோக்குவோம்.

எந்த முதன்மை எண்ணை எடுத்தாலும் அது தொடரின் ஏதோ ஓர் உறுப்பை மீதியின்றி வகுக்கும். அவ்வாறு முதன்முறை வகுக்கும் இடம் அம்முதன்மை எண்ணிலும் ஒன்று கூடிய இடத்திற்கு அப்பாற் செல்லாது. 3 முதன்முறை வகுப்பது நான்காம் உறுப்பை. 7 வகுப்பது எட்டாம் உறுப்பாகிய 21 ஐ. 11 வகுப்பது பத்தாம் உறுப்பாகிய 55 ஐ. 13 வகுப்பது ஏழாம் உறுப்பை. இஃது ஓர் இயல்பு. முதலிடம் எதுவோ அதன் மடங்குகளான இடங்களை மட்டுமே பின்னரும் அவ்வெண் வகுக்கும் என்பது இன்னொன்று. மூன்றாவது, ஓர் உறுப்புக்கும் அதன் இருமடங்கு இடத்திலுள்ள உறுப்புக்கும் உள்ள விகிதம் முழுவெண்ணாகும் என்பதும், அவ்விகிதத்திற்கும் முந்திய உறுப்புக்கும் 2 அன்றி வேறு பொது முதன்மைக் காரணி இராது என்பதும்.

இனி 2¹²⁷−1 ஐ எடுப்போம். இதனோடு ஒன்றைக் கூட்டினால் 2¹²⁷. தொடரில் 2¹²⁷ ஆம் இடத்திலுள்ள உறுப்பை 2¹²⁶ ஆம் இடத்திலுள்ள உறுப்பால் வகுக்க வரும் விகிதத்தை நம் எண் மீதியின்றி வகுக்கின்றது எனக் கொள்வோம். அவ்வாறாயின் நம் எண்ணுக்கு எந்த முதன்மைக் காரணி இருப்பினும் அது 2¹²⁷ ஆம் உறுப்பை வகுக்கும். 2¹²⁶ ஆம் உறுப்பை வகுக்காது. ஆதலின் அக்காரணி முதன்முறை தோன்றும் இடம் 2¹²⁷ இன் காரணியாகவும் 2¹²⁶ இன் காரணியாகாததாகவும் இருத்தல் வேண்டும். 2¹²⁷ இன் காரணிகள் 2 இன் வலுக்களேயன்றி வேறில்லை. எனவே அவ்விடம் 2¹²⁷ ஆம் இடமே. ஆனால் முதலிடம் முதன்மை எண்ணிலும் ஒன்றுக்கு மேற் கூடாது என்றோம். ஆகவே அக்காரணி 2¹²⁷−1 இலும் சிறியதாதல் இயலாது. அக்காரணியும் நம் எண்ணும் ஒன்றே, எண் முதன்மையானது. காரணியொன்றையும் தேடாமல், காரணி உண்டாயின் அது எண்ணளவே பெரிதாதல் வேண்டும் என்று காட்டிய இந்நுட்பத்தைப் பலமுறை கற்பித்தும் எனக்கு அலுப்புத் தோன்றவில்லை.

அவ்விகிதத்தைக் காண்பது எங்ஙனம்? 2¹²⁶ ஆம் உறுப்பை எழுத உலகத்துத் தாள் போதாதே எனலாம். எழுதவேண்டியதில்லை. 4 ஆம் உறுப்பை 2 ஆம் உறுப்பால் வகுக்க 3, 8 ஆவதை 4 ஆவதால் வகுக்க 7, 16 ஆவதை 8 ஆவதால் வகுக்க, அஃதாவது 987 ஐ 21 ஆல் வகுக்க, 47, அடுத்தது 2207. ஒவ்வொரு விகிதமும் முந்தியதன் வர்க்கத்தில் இரண்டு குறைந்தது. ஆதலின் 3 இல் தொடங்கி, வர்க்கித்து இரண்டைக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு செல்லலாம். இறுதி மீதி பூச்சியமாயின் எண் முதன்மையானது.

சுட்டி 7 ஆகவுள்ள 127 ஐ மாணவர் இப்பொழுதே சோதித்துப் பார்க்கலாம். ஆறாம் விகிதம் பூச்சியமாதல் வேண்டும். முதல் மூன்றும் 3, 7, 47. நான்காவது 2207. இதனை 127 ஆல் வகுப்பதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு: 128 ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டுக. 2207 இல் 128 பதினேழு முறை சென்று 31 எஞ்சும். 17 உம் 31 உம் 48. இனி 48 இன் வர்க்கத்தில் இரண்டு குறைய 2302. இதில் ஈவு 17, மீதி 126, கூட்டுத்தொகை 143. 127 ஐ நீக்க 16. 16 இன் வர்க்கத்தில் இரண்டு குறைய 254. அஃது 127 இன் இருமடங்கு, மீதி பூச்சியம். 127 முதன்மை எண்.

இதே முறையை 2047 இல் நடத்தினால் 3, 7, 47, 160, 1034, 620, 1609, 1471 என்று வந்து, அதன்பின் மீண்டும் 160 வருகின்றது. வந்த வழியே சுழலத் தொடங்கிவிட்டமையால் பூச்சியம் எக்காலத்தும் வாராது. 23 ஐயும் 89 ஐயும் அறியாதவரும் 2047 முதன்மையன்று என்பதை இதனால் அறிவர். (3 இல் தொடங்கும் இம்முறை, சுட்டியை 4 ஆல் வகுக்க மீதி 3 வரும் இடங்களுக்கே உரியது. 7, 11, 31, 67, 127 ஆகியவை அத்தகையன.)

நூற்றிருபத்தேழு என்னும் சுட்டிக்கு இவ்வாறு 125 முறை வர்க்கித்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் முப்பத்தொன்பது இலக்கம் வரையுள்ள எண்ணை அவ்வளவேயுள்ள எண்ணாற் பெருக்கிக் குறைத்தல் வேண்டும். லூக்கா இதற்குச் சதுரங்கப் பலகை போன்றதொரு பலகையை வகுத்தார். நீளத்தில் 127 கட்டம், அகலத்தில் 127 கட்டம். எண்களைத் துவித முறையில் எழுதினால் 1 உம் 0 உம் அன்றி வேறு இலக்கம் இல்லை. 1 உள்ள கட்டத்திற் காய் வைத்து, 0 உள்ளதை வெறுமையாக விட்டால் ஒரு வரிசை ஓர் எண்ணாகும். பெருக்கல் என்பது அவ்வரிசையை ஒவ்வொரு கட்டம் தள்ளித் தள்ளி அடுத்தடுத்த வரிசைகளில் அடுக்குவதே. பலகையின் ஓரத்தைக் கடக்கும் காய்களை மறு ஓரத்தில் வைத்தால் 2¹²⁷−1 ஆல் வகுத்து மீதி காணும் வேலையும் தானே முடிந்துவிடும். மேலே ஈவையும் மீதியையும் கூட்டினோமே, அதே உபாயம் இது. பின்னர் ஒரு நிரலில் இரண்டு காய்கள் இருப்பின் அவற்றை எடுத்து அடுத்த நிரலில் ஒரு காய் வைத்துக்கொண்டு வரவேண்டும். ஒன்று வரிசைக்கு வந்ததும் ஒரு வர்க்கித்தல் முடிந்தது. மின்னாற் கணிக்கும் பொறி தோன்றுவதற்கு ஏழு தசாப்தங்களுக்கு முன்னரே அப்பொறியின் கணிப்பைக் காய்களால் ஆடிக் காட்டிய விளையாட்டு இது என்றால் மிகையாகாது.

அவ்வாண்டிலே லூக்கா மற்றொன்றையும் அறிவித்தார். மெர்சென் முதன்மையென்ற 2⁶⁷−1 அத்தகையதன்று என்பதே அது. காரணி யாது என்று கேட்டாற் கூற அவரால் இயலவில்லை; அவர் முறை காரணியைத் தருவதன்று. மெர்சென்னின் பட்டியல் இருநூறாண்டுகட்கு மேலாக நின்றபின் அதில் விழுந்த முதல் விரிசல் இதுவே.

இவ்விரு அறிவிப்புகளையும் பிறர் எவ்வளவு நம்பலாம்? இரண்டும் ஒரே மனிதர் ஒரே முறையாற் செய்தவை. ஆயினும் இரண்டும் சமமான உறுதியுடையவை அல்ல. நீண்ட கணிப்பின் நடுவே ஓரிடத்திற் காயொன்று இடம்மாறினால், அதன்பின் வரும் மீதிகள் யாவும் பிழையாகும். பிழையான கணிப்பின் இறுதியில் ஏதேனும் ஒரு முப்பத்தொன்பது இலக்க எண் வரும். பூச்சியம் வருதல் கோடிகோடியில் ஒருமுறையும் நிகழாது. ஆகையாற் பூச்சியம் வந்தது என்றால் கணிப்புச் சரியென்பதற்கு அதுவே சாட்சி. பூச்சியம் வரவில்லை என்றாலோ, எண் முதன்மையாகாமையினால் வரவில்லையா, கணித்தவர் கை பிழைத்தமையினால் வரவில்லையா என்பதை வெளியில் நிற்பவர் அறியார். எனவே 127 ஐக் காட்டிலும் 67 க்கே வேறொரு சாட்சி தேவையாயிற்று.

அச்சாட்சி 1903 இல் வந்தது. ஒக்டோபர் 31 ஆம் நாள் நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்திலே கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங் நெல்சன் கோல், 2⁶⁷−1 என்பது 193 707 721 ஐ 761 838 257 287 ஆற் பெருக்க வருவது என்று காட்டினார். அவர் கரும்பலகைக்குச் சென்று ஒரு பக்கத்தில் 2 இன் 67 ஆம் வலுவைக் கணித்து ஒன்றைக் கழித்தார் என்றும், மறுபக்கத்தில் அவ்விரு எண்களையும் பெருக்கினார் என்றும், இரண்டிலும் 147 573 952 589 676 412 927 என ஒரே விடை வந்ததும் ஒரு சொல்லும் பேசாமல் ஆசனத்திற்குத் திரும்பினார் என்றும், சபையோர் கைதட்டினர் என்றும் கூறுவர். இதற்கு எவ்வளவு காலம் சென்றது என்று வினவியபோது, மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்று விடையிறுத்தாராம். இக்கதையைப் பரப்பிய ஏ. ரி. பெல் கதைகளுக்கு மெருகேற்றுவதில் வல்லவர். ஆதலின் மௌனத்தைச் சிறிது ஐயத்துடனேயே கொள்ளவேண்டும். பெருக்கத்தை ஐயுறவேண்டியதில்லை. அதனை ஐந்தாம் வகுப்பு மாணவனும் சரிபார்க்கலாம். ஆண்டுக்கணக்கில் தேடிப் பெற்றதை ஒரு மணி நேரத்தில் எவரும் சோதிக்கலாம் என்பதே காரணி என்னும் சாட்சியின் சிறப்பு.

மெர்சென்னின் பட்டியலில் எஞ்சிய பிழைகளும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ரஷ்யாவின் பேர்ம் மாகாணத்திலே கிராமக் குருவானவராக இருந்த இவான் பெர்வூஷின், பட்டியலில் இல்லாத 61 முதன்மை எண்ணைத் தருகின்றது என்று 1883 இல் காட்டினார். அமெரிக்காவிலே புகையிரதக் கம்பனியொன்றில் வேலைபார்த்த பவர்ஸ் என்பவர் 1911 இல் 89 ஐயும் 1914 இல் 107 ஐயும் சேர்த்தார். குருவானவரும் புகையிரத ஊழியரும் கல்லூரியாசிரியரும் ஓய்வு நேரத்திற் செய்த பணி இவ்வரலாற்றில் எவ்வளவு பெரும் பங்கினது என்பதை நோக்குக. 1922 இல் கிறைச்சிக்கும், பின்னர் லேமரும் 257 முதன்மை எண்ணைத் தராது என்றனர். 1947 அளவில் 257 வரையுள்ள சுட்டிகள் யாவும் சோதிக்கப்பட்டுவிட்டன. மெர்சென் 67, 257 என்னும் இரண்டைத் தவறாகச் சேர்த்தார். 61, 89, 107 என்னும் மூன்றைத் தவறாக விட்டார். ஐம்பத்தைந்தில் ஐந்து பிழை. பரீட்சையில் இது சிறந்த புள்ளியே. ஆயின் எது பிழை, எது சரி என்று அறிதற்கு அவர் எழுத்திலே ஒரு குறிப்பும் இல்லாதபோது, சரியான ஐம்பதும் 303 ஆண்டுகளாக ஐயத்துக்குரியனவாகவே இருந்தன.

லூக்காவின் 127 ஐ 1914 இல் போக்கம்பேர்க் என்னும் பிரெஞ்சுக்காரர் மீண்டும் கணித்து உறுதிசெய்தார். லூக்காவின் நிறுவல்களில் இருந்த இடைவெளிகளை அமெரிக்கரான டெரிக் லேமர் 1930 இல் நிரப்பினார். 3 க்குப் பதிலாக 4 இல் தொடங்கினால் ஒற்றை முதன்மைச் சுட்டிகள் அனைத்திற்கும் முறை பொருந்தும் என்றும் காட்டினார். இருவர் பெயராலும் லூக்கா-லேமர் சோதனை என வழங்குவது இதுவே.

1951 இலே 2¹²⁷−1 தன் முதலிடத்தை இழந்தது. பெரியே என்பவர் மேசைக் கணிப்புப் பொறியின் துணையோடு நாற்பத்து நான்கு இலக்க முதன்மை எண்ணொன்றைக் கண்டார். அவ்வாண்டிலேயே கேம்பிறிட்சு மின்கணிப்பொறியில் மில்லரும் வீலரும் எழுபத்தொன்பது இலக்க எண்ணொன்றைக் கண்டனர். பிந்தியது நம் எண்ணின் வர்க்கத்தை 180 ஆற் பெருக்கி ஒன்றைக் கூட்டியது. தோற்கடித்ததும் தோற்றதன் வழிவந்ததாயிற்று. 1952 சனவரி 30 ஆம் நாள் இரவு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்த பொறியொன்று, ரொபின்சன் என்பவர் எழுதிக்கொடுத்த லூக்கா-லேமர் கட்டளைகளின்படி இயங்கி, 521, 607 என்னும் இரு சுட்டிகளை ஒரே இரவிற் கண்டறிந்தது. 1996 முதல் உலகெங்குமுள்ள ஆர்வலர் தம் கணினிகளை இணையவழி ஒன்றுசேர்த்துத் தேடிவருகின்றனர். அவர்கள் 2024 ஒக்டோபரில் அறிவித்த எண்ணின் சுட்டி 136 279 841. இலக்கங்களின் தொகை 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320. அதற்கும் இறுதிச் சாட்சியாக நடத்தப்பட்டது வர்க்கித்து இரண்டைக் கழிக்கும் அதே சோதனை. பாலோ பயனற்றவை என்ற எண்களோ, வகுக்காமல் ஈவையும் மீதியையும் கூட்டியே மீதி காணலாம் என்னும் இயல்பினால், இன்று இரகசியச் செய்திகளைக் காக்கும் முறைகளிலே பயன்படுகின்றன. அன்றிரவு கண்ட 2⁵²¹−1 அவற்றுள் ஒன்று.

கையாற் கணித்து அறியப்பட்ட முதன்மை எண்களுள் 2¹²⁷−1 இன்றும் மிகப் பெரியது. அதைப் பற்றி விடைகாணாத வினாவொன்றும் உண்டு. 2 இன் சுட்டியாக 2 ஐ வைத்து ஒன்றைக் கழிக்க 3. சுட்டியாக 3 ஐ வைக்க 7. 7 ஐ வைக்க 127. 127 ஐ வைக்க நமது எண். நான்கும் முதன்மை எண்கள். லூக்காவின் அறிவிப்பு வெளிவந்த 1876 ஆம் ஆண்டிலேயே பெல்ஜியக் கணித அறிஞர் கற்றலான் இவ்வொழுங்கைச் சுட்டினார். அடுத்த படியில், அந்த முப்பத்தொன்பது இலக்க எண்ணையே சுட்டியாக வைத்து ஒன்றைக் கழித்தால் வருவதும் முதன்மையானதோ? அவ்வெண்ணில் எத்தனை இலக்கம் உள்ளதென்று எழுதுவதற்கே முப்பத்தெட்டு இலக்கம் வேண்டும். லூக்காவின் சோதனையை அதில் நடத்துதல் எப்பொறிக்கும் இயலாது. எஞ்சியிருப்பது பெர்மாவின் பழைய வழியே: நமது எண்ணின் இருமடங்கை எடுத்து, அதன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டி, ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தல். பொறிகளைக்கொண்டு நெடுந்தூரம் அவ்வாறு தேடியுள்ளனர். காரணியொன்றும் இதுவரை அகப்படவில்லை.